வானம் பார்க்க அதே ஆட்கள்தான் வருகிறார்களா?

கேள்வி இதுதான். ஒரு கல்லூரி இயற்பியல் துறையில் வேலை பார்க்கும் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "வருடத்துக்கு மூன்று தடவை தொலைநோக்கி வைத்து வானம் காட்டுகிறோம். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளுக்கு ஆய்வகத்தைத் திறந்து விடுகிறோம். கட்டணம் கிடையாது, பேப்பரிலும் செய்தி வருகிறது. ஆனால் வருவது என்னவோ அதே கூட்டம். அப்பா அம்மாவோடு காரில் வந்து இறங்கும் ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள், அவர்களிலும் பையன்கள்தான் அதிகம். பக்கத்து அரசுப் பள்ளி, சுற்றியுள்ள கிராமம், வீட்டுப் பெண்கள், பார்வையில்லாதவர்கள், வீல்சேரில் இருப்பவர்கள், ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. இவர்களுக்கு இயற்பியல் மேல் ஆர்வத்தை எப்படி உண்டாக்குவது?"

நான் பகலில் வேறு வேலை பார்க்கிறவன். வார இறுதியில் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் கூட்டத்தில் இருபது வருடமாக ஒருவன். செய்த தப்புகளை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கடைசி வாக்கியத்தை அடித்துவிடுங்கள். ஆர்வத்தை நீங்கள் உண்டாக்க வேண்டியதே இல்லை, அது அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் லூயிஸ் ஆர்ச்சர் தலைமையில் 2009-ல் தொடங்கிய ஆய்வு ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் 10 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைத் தொடர்ந்து கேட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் விஞ்ஞானி ஆக வேண்டும் என்று சொன்னவர்கள் 15 சதவீதம் பேர்தான். "நல்லாத்தான் இருக்கு, ஆனா நமக்கானது இல்லை" என்பதுதான் அவர்கள் மனதில் இருந்தது. வீட்டில், சொந்தத்தில், தெருவில் அந்த வேலை செய்கிற ஒரு ஆளைக்கூடப் பார்த்திராத பிள்ளைக்கு அப்படித் தோன்றாமல் வேறெப்படித் தோன்றும்? ஒரு வீட்டுக்கு அறிவியலோடு இருக்கும் இந்த அறிமுகம், பழக்கம் என்ற சேமிப்புக்கு அவர்கள் அறிவியல் மூலதனம் என்று பெயர் வைத்தார்கள். பணம் மாதிரியேதான், இருக்கிற வீட்டில் குட்டி போடும்.

ஆக, வராதவர்களிடம் என்ன குறை என்று தேடுவதை விட்டுவிட்டு உங்கள் ஏற்பாட்டில் என்ன கோளாறு என்று பாருங்கள். ஏழு மணிக்கு வானம் காட்டுகிறீர்கள். ஏழு மணிக்கு எந்த அம்மா வீட்டை விட்டு வர முடியும்? ராத்திரிச் சோறு யார் வைப்பது? ஒன்பது மணிக்கு முடித்தால் கிராமத்துக்குக் கடைசி பஸ் எட்டரைக்கே போயிருக்கும். பத்தாம் வகுப்புப் பெண்ணை ராத்திரி ஒன்பது மணிக்குக் கல்லூரி வளாகத்துக்கு யார் தனியாக அனுப்புவார்கள்? அங்கே பெண்கள் கழிவறை திறந்திருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று நீங்கள் போய்ப் பார்த்ததுண்டா? கட்டணம் இல்லை என்று நாம் பெருமையாகப் போடுகிறோம். நாலு பேர் போய்வர பஸ் காசு, அரை நாள் கூலி, பிள்ளை கேட்கும் தீனி எல்லாம் சேர்த்தால் அது இலவசமே இல்லை. புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கப் போய், கடைசியில் ஆயிரக்கணக்கான பேருக்கு சைக்கிள் ஓட்டவும் சொல்லிக்கொடுத்தது. எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போதும் சிலர் கேட்டார்கள்.

எங்களுக்கு இது புரிந்தது ஒரு மார்கழியில். 2018 டிசம்பர் கடைசி. ராத்திரி நிகழ்ச்சிகளுக்குப் பெண்கள் வருவதே இல்லை என்று பேசிக்கொண்டிருந்தபோது எங்களோடு இருக்கும் ஒரு நர்ஸ் அக்கா சொன்னார், "காலையில அஞ்சு மணிக்கு எல்லாப் பொம்பளைங்களும் தெருவுலதானே இருக்காங்க?" மார்கழிக் கோலம். எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. அந்த வருடம் விடிகாலை வானத்தில் வெள்ளி கண்ணைப் பறிக்கிற மாதிரி நின்றது. ஒரு தெருமுனையில் சின்னத் தொலைநோக்கியை வைத்தோம், அறிவிப்பு எதுவும் கிடையாது. கையில் கோலமாவுக் கிண்ணத்தோடு முதலில் வந்த அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, நிலாவைக் காட்டுறியா?" என்றார். "இல்லம்மா, அந்தா தெரியுதே, அந்த வெள்ளிதான்." அவர் தலையைத் தூக்கி வெள்ளியைப் பார்த்தார், திரும்பக் குனிந்தார். தொலைநோக்கியில் அது அப்போது பாதி நிலா போலத்தான் இருக்கும், ஏனென்றால் நிலா மாதிரியே வெள்ளிக்கும் வளர்பிறை தேய்பிறை உண்டு. "இத்தனை நாளா இது முழுசா இருக்குன்னு நினைச்சுக்கிட்டிருந்தேனே" என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டு ஆளைக் கூப்பிடப் போனார். ஒரு மணி நேரத்தில் அறுபது பேர் பார்த்தார்கள், ஆண்கள் அதில் ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிகம். அதற்கு முன் நாங்கள் பல வருடம் மண்டபம் பிடித்து, பேனர் கட்டி, பெண்களைக் காணோமே என்று அங்கலாய்த்தது வேறு கதை.

நேரத்தை விட இடம் இன்னும் சிக்கல். "பொது இடம்" என்று நாம் நினைக்கிற இடம் எல்லாருக்கும் பொதுவாக இருப்பதில்லை. கல்லூரி கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் ஒருவனை சார் என்பார், இன்னொருவனை எங்கேடா போறே என்பார். கிராமத்துக்குப் போனால் இது வேறு வடிவத்தில் வரும். 2019 டிசம்பர் 26 வளைய சூரிய கிரகணம், அதாவது நிலா நடுவை மறைத்துச் சூரியனின் ஓரம் மட்டும் வளையமாகத் தெரிகிற கிரகணம், கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை என்று தமிழ்நாட்டின் குறுக்கே போனது. காலை எட்டு மணி சுமாருக்குத் தொடங்கி, ஒன்பதரை வாக்கில் மூன்று நிமிடம் போல முழு வளையம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு ஊரில், முந்தின நாள் ஒத்திகைக்குக் கோயில் திடலைக் கொடுத்தார்கள். நல்ல மனதோடு கொடுத்ததுதான், பந்தல் கூடப் போட்டுத் தந்தார்கள். பிள்ளைகள் நிறைய வந்தார்கள். நாங்கள் கிரகணம் பார்க்கும் கண்ணாடி கொடுத்துக்கொண்டு, சந்தோஷமாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தோம். அதே நர்ஸ் அக்காதான் பார்த்தார்: ரோட்டுக்கு அந்தப் பக்கம், பாலத்துச் சுவரில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டோம், சிரித்தார்கள், வரவில்லை. காலனிப் பிள்ளைகள். அவர்களை யாரும் வராதே என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் அந்த ஊரில் இல்லை.

அன்றிரவு உட்கார்ந்து பேசி இடத்தை மாற்றினோம். ரேஷன் கடை வாசல். ஊரில் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிற இடம் அதுதான், காலனிக்கும் ஊருக்கும் நடுவில் இருந்தது. பந்தல் போட்டவர்களுக்கு வருத்தம். அதைச் சமாளிக்க ஒரு மணி நேரம் ஆனது, பழைய பந்தலிலும் ஒரு மேசை போட வேண்டி வந்தது. ஆனால் மறுநாள் காலை ரேஷன் கடை வாசலுக்குத்தான் கூட்டம் வந்தது. இப்போதெல்லாம் புது ஊருக்குப் போனால் காலனியில்தான் முதல் மேசை, மற்ற இடமெல்லாம் அப்புறம். எல்லாரையும் அறிவியலுக்குள் சேர்ப்பது பற்றி ஆங்கிலத்தில் வரும் வழிகாட்டிகளில் சாய்தளம் பற்றி இருக்கும், எழுத்தின் அளவு பற்றி இருக்கும், இதைப் பற்றி ஒரு வரி இருக்காது. எழுதியவர்களின் ஊரில் பிரச்சினை வேறு.

அந்த நாளின் நாயகன் தொலைநோக்கி இல்லை. டீக்கடையிலிருந்து வாங்கி வந்த ஒரு பூந்திக் கரண்டி. அதை வெயிலில் பிடித்தால் ஒவ்வொரு ஓட்டையும் ஊசித்துளை கேமராவாகி, தரையில் ஐம்பது அறுபது சூரியன் விழும். வளையம் வந்த நேரத்தில் தரையெல்லாம் ஐம்பது மோதிரம். கண்ணாடி வேண்டாம், வரிசை வேண்டாம், யாரும் யாருக்கும் கொடுத்து வாங்க வேண்டாம். வேப்பமரத்து நிழலில் கூட இலை இடுக்கெல்லாம் மோதிரமாக விழுந்தது. இன்னொன்று, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கறுப்புத் தாளால் மூடி ஒரு சென்டிமீட்டர் ஓட்டை போட்டு, சூரிய ஒளியை இருட்டான அறைக்குள் திருப்பி விடுங்கள். இருபது மீட்டர் தள்ளிச் சுவரில் பதினெட்டு சென்டிமீட்டர் அகலச் சூரியன் வந்து உட்காரும். வீட்டை விட்டு வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடித்த கர்ப்பிணிப் பெண்கள் இரண்டு பேர் அறை இருட்டில் இருந்தபடியே கிரகணம் பார்த்தார்கள். வெளியே வந்தால் ஒன்றும் ஆகாது என்று அவர்களிடம் வாதாடி ஜெயித்திருக்கலாம், மாமியாரிடம் யார் ஜெயிப்பது?

இதிலேதான் அடுத்தது வருகிறது. நம்மில் பலருக்கு, முக்கியமாக இளம் தொண்டர்களுக்கு, மூடநம்பிக்கையை உடைக்கிறோம் என்ற வேகம். அதே கிரகண நாளில் ஒரு பாட்டி தாம்பாளத்தில் ஆரத்தித் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையைச் செங்குத்தாக நிறுத்திவிட்டார். கிரகணம் பிடித்தால் உலக்கை நிற்கும், விட்டால் விழும் என்பது நம் பக்கத்தில் ரொம்பப் பழைய வழக்கம். எங்கள் பையன் ஒருவன் உடனே, "பாட்டி இதெல்லாம் சும்மா, ஈர்ப்பு மையம்..." என்று ஆரம்பித்துவிட்டான். பாட்டி முகம் சுருங்கிவிட்டது, கூட்டம் பாட்டி பக்கம். அவனைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு நான் கேட்டேன், "பாட்டி, நாளைக்கும் இதே நேரத்துக்கு நிறுத்திப் பார்ப்போமா? நீங்கதான் நிறுத்தணும், எனக்கு வராது." எனக்கு நிஜமாகவே வராது, அதற்கு ஒரு கை வாகு வேண்டும். மறுநாள் நாங்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது பாட்டியே ஆள் அனுப்பினார். கிரகணமும் இல்லை ஒன்றும் இல்லை, உலக்கை ஜம்மென்று நிற்கிறது. பூண் போட்ட தட்டை அடி, நிற்காமல் என்ன செய்யும். பாட்டி சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "இத்தனை வருஷமா மத்த நாள்ல நிறுத்திப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையேப்பா" என்றார். இயற்பியலில் ஒப்பீட்டுச் சோதனை என்பது இதுதான், அதை அவர் தானே செய்து முடித்துவிட்டார். அப்புறம் அவர் கேட்ட கேள்வி: "அப்ப கிரகணத்துல சாப்பிட்டாலும் ஒண்ணும் ஆகாதோ?" அந்தக் கேள்வியை நாங்கள் போய் மேடையில் பேசியிருந்தால் அவர் கேட்டிருக்கவே மாட்டார்.

ஆரத்தி என்றதும் ஞாபகம் வருகிறது, வேதியியல் துறைக்காரர்களும் உங்களோடு இருந்தால் லிட்மஸ் தாளைத் தூர வையுங்கள். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவப்பாவது எந்த வீட்டிலும் தெரிந்த சங்கதி, அங்கிருந்து ஆரம்பித்து எலுமிச்சம்பழம் பிழிந்து மறுபடி மஞ்சளாக்கிக் காட்டினால் அமிலமும் காரமும் முடிந்தது.

மொழி பற்றிச் சொல்ல வேண்டும், ஆனால் தமிழில் பேசுங்கள் என்று சொல்ல வரவில்லை, அது தெரிந்ததுதான். பாடப்புத்தகத் தமிழும் சிலருக்குக் கதவைச் சாத்தும். பேசுகிறவர் "நிகழ்வெல்லை" என்று சொன்னவுடன் பின்வரிசை செல்போனை எடுத்துவிடுகிறது. இலங்கைத் தமிழர்கள் இருக்கும் இடத்தில் இயற்பியல் என்றால் அவர்களுக்குப் பௌதிகவியல், வேதியியல் என்றால் இரசாயனவியல், அதையும் சேர்த்தே சொல்லிவிடலாம், நாக்கு தேயாது. இன்னொரு பக்கம், சாதாரணச் சொற்களே வேறு பாரம் சுமக்கும். ஒரு தடவை சனிக் கோளைக் காட்டிக்கொண்டிருந்தோம். வரிசையில் நின்ற ஒரு அக்கா கண் வைக்கும் இடம் வரை வந்து நின்றுவிட்டார். "ஏழரை வருஷம் அது என்னைப் பார்த்தது போதாதா? நான் வேற போய் அதைப் பார்க்கணுமா?" வரிசை முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்தார், ஆனால் பாதி நிஜமாகவே தயங்கினார். "நீங்க ஒரு தடவை திருப்பிப் பாருங்கக்கா, கணக்கு சரியாப் போகும்" என்று பின்னால் நின்ற ஒரு ஆட்டோக்காரர் சொன்னார். பார்த்தார். வளையத்தைப் பார்த்ததும் "அட, கம்மல் மாதிரி இருக்கு" என்றார். அன்றைக்கு நான் தயார் பண்ணி வைத்திருந்த எந்த உவமையும் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

சரி, மாற்றுத்திறனாளிகள். இதில் நல்லெண்ணம் நிறைய இருக்கிறது, யோசனை கம்மி. வீல்சேரில் வருகிறவருக்கு மொட்டை மாடியில் வானம் காட்டுகிறோம் என்பது கேலி. தரையில் வையுங்கள். நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் கண் வைக்கும் துளை மேலே இருக்கும், உட்கார்ந்திருப்பவருக்கும் எட்டாது, சின்னப் பிள்ளைக்கும் எட்டாது. லென்ஸ் வகையில் ஒளியைத் திருப்பும் கண்ணாடி போட்டு, முக்காலியைத் தாழ்த்தினால் எட்டும். ஒரு செல்போனை மாட்டும் கிளாம்ப் சில நூறு ரூபாய்தான். படம் போன் திரையில் தெரிந்தால் வீல்சேர்காரர், கண்புரை உள்ள தாத்தா, குனிய முடியாத முதுகுவலிக்காரர் எல்லாரும் பார்க்கலாம். நான் முதலில் இதை எதிர்த்தவன், நேரில் கண்ணால் பார்ப்பது போல வருமா என்று. இப்போது இரண்டையும் வைக்கிறேன்.

பார்வையில்லாதவர்களுக்கு வானம் எதற்கு என்று நேரடியாகவே என்னிடம் கேட்டவர்கள் உண்டு. போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த வாண்டா டயஸ் மெர்செத் என்ற வானியலாளர் இளவயதில் பார்வையை இழந்தவர். நட்சத்திரத் தரவுகளை வரைபடமாகப் பார்ப்பதற்குப் பதில் ஒலியாக்கிக் கேட்டு ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 2017-ல் அமெரிக்காவில் முழு சூரிய கிரகணம் வந்தபோது ஹார்வர்ட் வானியலாளர்கள் அவரோடு சேர்ந்து லைட்சவுண்ட் என்று ஒரு சின்னக் கருவி செய்தார்கள். வெளிச்சம் நிறைய இருந்தால் புல்லாங்குழல், குறையக் குறைய கிளாரினெட், இருட்டினால் டிக் டிக் என்ற சத்தம். இதன் எளிய வடிவத்தை உங்கள் எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் ஒரு மதியத்தில் செய்துவிடுவார்கள், சாமான் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் நிக் போன் என்ற வானியலாளர், அவருக்கும் பார்வை குறைவுதான், விண்மீன் மண்டலங்களின் படத்தைத் தொட்டுப் பார்க்கும் தகடாக அச்சிட்டுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகிறார். எங்கே வெளிச்சம் அதிகமோ அங்கே மேடு அதிகம், அவ்வளவுதான் சூத்திரம்.

எங்களிடம் முப்பரிமாண அச்சு இயந்திரம் கிடையாது. ஒரு ரப்பர் பந்தும், அதை விடப் பெரிய வளையலும், நடுவில் நாலு ஊக்கும், அதுதான் எங்கள் சனிக் கோள். பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் அதைக் கையில் கொடுத்தோம். ஒரு பையன் ஊக்குகளைத் தடவிவிட்டுக் கேட்டான், "அண்ணா, நிஜத்துலயும் இது ஒட்டிக்கிட்டு இருக்கா, இல்ல வளையம் தனியா நிக்குதா? நடுவுல கை போகுமா?" கண்ணால் பார்த்த ஆயிரக்கணக்கான பேரில் ஒருவர்கூட என்னிடம் இதைக் கேட்டதில்லை. நடுவில் சில ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளி இருக்கிறது, 2017-ல் காசினி விண்கலம் அந்த இடுக்கு வழியாகத்தான் 22 தடவை புகுந்து போனது என்று சொன்னேன். அவன் விரலை அந்த இடைவெளியில் விட்டு ஒரு சுற்று சுற்றினான். அதே 2019 கிரகணத்தன்று கர்நாடகத்தில் கலபுரகி பக்கம் ஒரு கிராமத்தில், குறை நீங்கும் என்று நம்பி மாற்றுத்திறன் குழந்தைகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்த செய்தி வந்தது. நாம் யாரைத் தேடிப் போக வேண்டும் என்பதற்கு எனக்கு வேறு காரணம் வேண்டியிருக்கவில்லை.

அடுத்து, உங்களுக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும் என்கிற விஷயம். கன்னியாகுமரி கடற்கரைக் கிராமம் ஒன்றில் நிலாவும் கடல் ஏற்றமும் பற்றிப் பேசப் போனேன். கச்சான், வாடை, கொண்டல், நீவாடு என்று காற்றுக்கும் கடல் நீரோட்டத்துக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருப்பவர்களிடம் நான் போய் கரும்பலகையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு அண்ணன், குஜராத் வரை படகு வேலைக்குப் போய்வந்தவர், கேட்டார்: "அதே நிலாதான் அங்கயும். நம்ம ஊர்ல ஒரு மீட்டர் ஏறுறதே பெருசு. காம்பே பக்கம் பனைமர உயரத்துக்கு ஏறுதே, ஏன்?" எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன், கேட்டுக்கொண்டு அடுத்த மாதம் வந்து சொல்கிறேன் என்றேன். போய்ப் படித்தேன். காம்பே வளைகுடாவில் 10 மீட்டர் வரைகூட ஏறுகிறது, புனல் மாதிரி குறுகிப் போகும் கரை, ஆழம் குறைந்த அடித்தளம், அந்த வளைகுடாவின் நீளத்தில் அலை ஊஞ்சல் மாதிரி தோதாகச் சேர்ந்து ஆடுவது, எல்லாம் சேர்ந்துதான் அப்படி. திரும்பிப் போய்ச் சொன்னேன். முதல் தடவை இருபது பேர், இரண்டாம் தடவை எண்பது பேர். பேச்சு நன்றாக இருந்ததால் இல்லை, சொன்னபடி திரும்பி வந்ததால்.

கேட்பது என்று சொல்லிவிட்டுக் காதை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது: தேனி மாவட்டம் பொட்டிபுரத்து நியூட்ரினோ ஆய்வகம். நியூட்ரினோ என்பது எதையும் ஊடுருவிக்கொண்டு போகும் மிகச் சின்னத் துகள். கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் 1965-லேயே வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்த நாடு நம்முடையது, அந்த மரபின் தொடர்ச்சியாக வந்த திட்டம். முதலில் நீலகிரியில் சிங்காரா என்றார்கள், யானை புலி நடமாடும் காடு என்று 2009-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. பிறகு பொட்டிபுரம். மலைக்குள் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் சுரங்கம், 50,000 டன் இரும்பில் காந்தக் கருவி. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. அப்புறம் நீதிமன்றம், பசுமைத் தீர்ப்பாயம், போராட்டம், கடைசியில் 2022-ல் தமிழக அரசே உச்ச நீதிமன்றத்தில் இந்தத் திட்டம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது.

இதில் இயற்பியல் தெரிந்தவர்களுக்குப் பெரிய மனக்குறை உண்டு. நியூட்ரினோவால் கதிர்வீச்சு வரும், அணுக்கழிவு கொட்டப் போகிறார்கள் என்றெல்லாம் பரவியது. உங்கள் கட்டைவிரல் நகத்தின் மேல் ஒவ்வொரு நொடியும் சூரியனிலிருந்து 6,000 கோடிக்கு மேல் நியூட்ரினோ பாய்ந்து போகிறது, ஒன்றும் ஆவதில்லை. அதனால் நானும் அப்போது, மக்களுக்குப் புரியவில்லை, இன்னும் நன்றாக விளக்கினால் போதும் என்றுதான் நினைத்தேன். விஞ்ஞானிகள் ஊருக்குப் போகாமலும் இல்லை, கூட்டம் போட்டு விளக்கத்தான் செய்தார்கள். ஆனால் ஊர்க்காரர்கள் கேட்டதில் பெரும்பாதி நியூட்ரினோ பற்றியே இல்லை. அம்பரப்பர் மலையில் மாடு மேய்க்க விடுவீர்களா, பாறைக்கு வெடி வைத்தால் கிணறு என்ன ஆகும், அணைக்கட்டு தாங்குமா, தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள். மலையைப் பற்றிக் கேட்டவர்களுக்குத் துகளைப் பற்றிப் பதில் போனது. இடம் முடிவான பிறகு, சுரங்கம் எங்கே என்று வரைபடம் போட்ட பிறகு கருத்துக் கேட்டால் அது கருத்துக் கேட்பாகாது, அறிவிப்புதான். திட்டம் வந்திருக்க வேண்டுமா கூடாதா என்பதில் எனக்கு இன்றும் இரண்டு மனது. ஆனால் மேய்ச்சலுக்குப் போகிறவர்களை முதல் நாளே கூட உட்காரவைத்து, அவர்கள் சொல்வதால் எதையாவது மாற்றவும் தயாராக இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். மாற்றத் தயார் இல்லாதபோது கருத்து கேட்கப் போகாதீர்கள், அது இன்னும் கேவலம்.

உங்கள் கல்லூரிக்கு இதில் என்ன என்றால், அடுத்த நிகழ்ச்சித் திட்டத்தை எழுதி முடித்த பிறகு அரசுப் பள்ளித் தலைமையாசிரியருக்கு அழைப்பிதழ் அனுப்பாதீர்கள். எழுதுவதற்கு முன்னால் போய் உட்காருங்கள். 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தெருத்தெருவாக மாலை ஐந்து முதல் ஏழு வரை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்கள் பெரும்பாலும் பெண்கள். எந்தத் தெருவில் எந்தப் பிள்ளை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு உங்கள் துறைக்கு நூறு வருடத்திலும் தெரியாது. அரசுப் பள்ளிகளில் 2022 நவம்பரில் ஆரம்பித்த வானவில் மன்றம் என்ற அறிவியல், கணிதச் செய்முறைத் திட்டத்துக்குக் கருவிகளோடு போய்வரும் கருத்தாளர்களும் இருக்கிறார்கள். மகளிர் குழு, நூறு நாள் வேலை நடக்கும் இடம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போடும் புதன்கிழமை வரிசை, இங்கெல்லாம் நீங்கள் போய் நில்லுங்கள். அந்த ஊர்க்காரர் ஒருவரை விளக்குபவராகப் பழக்குங்கள், அவருக்குக் காசு கொடுங்கள். இலவசத் தொண்டு என்றால் வசதி உள்ளவர்தான் வருவார், மறுபடி அதே முகங்கள்தான் மைக் பிடிக்கும். பட்ஜெட்டில் புது லென்ஸ் வாங்க வைத்திருக்கும் பணத்தை ஒரு வருடம் சுண்டலுக்கும் வேனுக்கும் திருப்பிவிட்டுப் பாருங்கள். துறைத்தலைவர் முணுமுணுப்பார், எங்களிடமும் முணுமுணுத்தார்கள்.

அறிக்கையில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதச் சொல்வார்கள், எழுதிக் கொடுங்கள். ஆனால் உங்களுக்கென்று ஒரு நோட்டு வையுங்கள். யார் இரண்டாம் தடவை வந்தார்கள், என்ன கேட்டார்கள், எந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் விழித்தோம், யார் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றார்கள். என் நோட்டில் அந்தக் காம்பே கேள்வி இருக்கிறது, உலக்கைப் பாட்டியின் சாப்பாட்டுக் கேள்வி இருக்கிறது.

ஒரு தேதி தருகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். 2031 மே 21 அன்று இன்னொரு வளைய கிரகணம் கேரளத்தைத் தாண்டித் தேனி, மதுரை, காரைக்குடி என்று வந்து அப்படியே கடலைக் கடந்து யாழ்ப்பாணம் பக்கம் போகிறது. அதே தேனிதான். பள்ளிக்கூடம் எல்லாம் கோடை விடுமுறையில் மூடியிருக்கும், அதனால் பள்ளி மூலமாக ஒரு பிள்ளையையும் பிடிக்க முடியாது, தெருவில்தான் வேலை. அதற்கு முன் 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை மாலை, ஒரு பகுதி கிரகணம் ஒத்திகைக்குக் கிடைக்கிறது. 2031-ல் கத்திரி வெயில், அதுவும் உச்சிவேளையை ஒட்டி, சூரியன் தலைக்கு மேல் நிற்கும், அண்ணாந்து பார்த்தால் கழுத்து போய்விடும். ஆனால் பூந்திக் கரண்டிக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிட்டுக் கரண்டியை இடுப்பு உயரத்தில் பிடியுங்கள், மோர்ப்பானையைப் பக்கத்தில் வையுங்கள், கூட்டம் தானாக வரும்.